இடுப்பில் கட்டிய மெஷின்

லிபினை வள்ளத்திலிருந்து இறக்கி, மணலில் குப்புறப் போட்டு, கூட்டாளி சிலுவை அவன் முதுகை அமுக்கிக்கொண்டிருந்தபோதுதான் டைட்டஸ் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். நான் மீன் வாங்கப் போனவள். மீன் இல்லை என்று தெரிந்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். கடற்கரையில் நாலு பேர் ஓடினால் என் கால் வீட்டுப் பக்கம் திரும்பாது. அதனால் டைட்டஸ் கேட்ட முதல் கேள்வியை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

"மெஷின் எங்கல?"

சிலுவை தலையைத் தூக்கிப் பார்த்தான். "அது நல்ல சொகமா வள்ளத்துல கெடக்கு அண்ணே. ஆளத்தான் கொஞ்சம் பாருங்க."

அப்போதுதான் லிபின் குடித்திருந்த கடல்வெள்ளத்தைக் கக்கினான். டைட்டஸ் ஒரு எட்டு வள்ளத்தின் பக்கம் வைத்திருந்தார். ஆட்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்தக் காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மெஷின் என்றால் கடலுக்கடியில் ஓடுகிற ஸ்கூட்டர். மஞ்சள் நிறம், ஒரு பன்றிக்குட்டி அளவு, பிடிக்க இரண்டு கைப்பிடி, பின்னால் விசிறி. டைட்டஸ் தோஹாவிலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்த 2013இல், கம்பளிக்கும் சோப்புக்கும் நடுவே அதையும் பொதிந்து கொண்டுவந்தார். கப்பலின் அடிப்பாகத்தைக் கழுவும் கம்பெனியில் பதினாலு வருஷம். அவர் கடலில் முங்கி வேலை செய்தவர் என்று எங்கள் ஊர் இனயம் முழுக்க நம்பியது. அவரும் யாரையும் திருத்தவில்லை. முங்கப் போகிறவர்களுக்கு ஸ்டோரிலிருந்து உடுப்பும் சாமானும் எடுத்துக் கொடுத்து கையெழுத்து வாங்குகிற வேலை என்று அவர் மனைவி குளோரி ஒருநாள் வாய்தவறி என்னிடம் சொல்லிவிட்டாள். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அதாவது, நாலைந்து பேருக்கு மேல் சொல்லவில்லை.

லிபின் எனக்கு அடுத்த வீடு. சிப்பிக்கு முங்குகிறவன். பக்கத்துப் பாறைகளையெல்லாம் சுரண்டித் தீர்த்தாகிவிட்டது. சிப்பி அப்பிக் கிடப்பது ஒழுக்கு என்கிற நீரோட்டத்துக்கு அப்பால் இருக்கும் தூரப் பாறையில். அங்கே நீந்திப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு முடிந்துவிடும். அவனுக்கும் முப்பத்தெட்டு ஆகிறது, நெஞ்சு முன்போல இல்லை. அப்படி இருந்தவன் கையில் டைட்டஸ் அந்த மெஷினைக் கொடுத்து, கரையோரத்தில் ஒரு சுற்று விட்டுப் பார்க்கச் சொன்னார். அன்றைக்கு லிபின் என் வீட்டு வாசலில் நின்று பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "அக்கா, கால அடிக்கவே வேண்டாம். மீனு போவுத மாதிரி போவலாம்." அவன் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பல் தெரியச் சிரித்ததில்லை.

சரி, தூரப் பாறைக்குப் போகிறார்கள் என்றால் போகட்டும். டைட்டஸ் செய்ததைக் கேளுங்கள். விசிறிக்கு முன்னால் ஒரு கம்பி வலை இருந்தது. பாசி அடைக்கிறது, வேகம் போதவில்லை என்று அதைக் கழற்றி வைத்தார். மெஷின் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று இரண்டு பாகம் (ஒரு பாகம் என்றால் இரு கையையும் விரித்த நீளம்) நைலான் கயிற்றை எடுத்து, ஒரு முனையை மெஷினிலும் மறுமுனையை லிபினின் இடுப்பிலும் முடிந்தார். சிப்பிக்கு முங்குகிறவன் உளி இல்லாமல் வெள்ளத்தில் கால் வைக்க மாட்டான். "இன்னைக்குப் பாறைய பாத்துட்டு வந்தா போரும். உளி மெஷின்ல உரசினா பெயின்ட் போவும்" என்று சொல்லி அதையும் வள்ளத்தில் போடவைத்தார். பெயின்ட் போகும்! மனுஷனுக்கு மேல்தோல் போனால் பரவாயில்லை போலிருக்கிறது.

ஆறு பாகம் ஆழத்தில் லிபின் ஒரு திருப்பம் திருப்பியிருக்கிறான். தொய்ந்து கிடந்த கயிறு விசிறிக்குள் போய், சுற்றிச் சுற்றி, இடுப்போடு அவனை மெஷினிடம் இழுத்துவிட்டது. முடிச்சு இறுகிவிட்டது. அறுக்கக் கையில் ஒன்றுமில்லை. ஆளைக் காணோமே என்று வள்ளத்திலிருந்த சிலுவை தன் உளியோடு குதித்து, கயிற்றை அறுத்து, ஆளையும் மெஷினையும் மேலே கொண்டுவந்தான். அவன் குதிக்காமலிருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அன்று சாயங்காலம் டைட்டஸ் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு லிபின் வீட்டுக்குப் போனார். எங்கள் இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடமுண்டு. அங்கே எனக்குத் துணி காயப்போடும் வேலை வந்தது.

"உனக்கு வேகம் பழக்கமில்ல லிபினே. பயந்து கயித்த சுண்டி இழுத்திருக்க. போவட்டு, விடு. சனிக்கிழம திருவனந்தபுரத்திலேருந்து ரெண்டு பேரு மெஷின் ஓடுதத பாக்க வாறாவ. டூரிஸ்டுக்கு எடுக்கணும்னு சொல்லுதாவ. நீதான் ஓட்டிக் காட்டணும்."

"செரி அண்ணே" என்றான் லிபின். செரி அண்ணே! உள்ளே அவன் மனைவி கிரேசி ஒரு பாத்திரத்தைப் போட்ட சத்தத்தில் என் வீட்டுப் பூனை ஓடிப்போனது. டைட்டஸ் போன பிறகு அவள் அவனுடைய சட்டையைத் தூக்கி எண்ணெய் தடவினாள். இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட் அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "போவண்டாம்" என்றாள். "ஏட்டி, பாறை நெறைய சிப்பி கெடக்கு" என்றான்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. லிபினுக்குப் படிப்பில்லை, மெஷின் தெரியாது, வெப்ராளம் பிடித்துப் பதறிவிட்டான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டைட்டஸை ஒரு வாய் ஒன்றும் சொல்லவில்லை. கல்ஃபிலிருந்து வந்த வாய்க்கு அப்படி ஒரு மரியாதை.

வெள்ளிக்கிழமை நான் இடியாப்ப அச்சு இரவல் கேட்டு குளோரி வீட்டுக்குப் போனேன். என்னிடம் இரண்டு அச்சு உண்டு. அது வேறு விஷயம். அவர்கள் ஹாலில் சட்டம் போட்ட ஒரு பெரிய போட்டோ. கறுப்பு உடுப்பில் பன்னிரண்டு பேர், ஓரத்தில் கையில் நோட்டுப் புத்தகத்தோடு டைட்டஸ். பன்னிரண்டு பேரின் கெண்டைக்காலிலும் ஏதோ கட்டியிருந்தது.

"இது என்ன குளோரி, காலுல?"

"கத்தி அக்கா. வலையோ கயிறோ சுத்திச்சுன்னா அறுக்கதுக்கு. அது இல்லாத ஆளுக்கு எங்க இவிய உடுப்பே குடுக்க மாட்டாவ. ஒரு கயிறு, ஒரு வாரு வெளிய தொங்கப்பிடாது. ஒரு பிலிப்பைன்ஸ்காரன அதுக்காண்டி திருப்பி அனுப்பினாவளாம். இப்பவும் பெருமையா சொல்லுவாவ."

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. தெரியாமல் செய்தால் மடையன் என்று விட்டுவிடலாம். இந்த மனுஷன் பதினாலு வருஷம் கத்தியை எண்ணிக் கொடுத்தவர்! கம்பெனி ஆளுக்குக் காலில் கத்தி, இனயத்துக்காரனுக்கு இடுப்பில் கயிறு. நேராகக் கிரேசியிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் சாளையைச் செதிள் உரசிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, "அச்சு கிட்டிச்சா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை காலை கடற்கரையில் தொப்பி போட்ட இரண்டு பேர் நின்றார்கள். ஈர மணலில் மெஷின். பழைய கயிறு அறுபட்டுப்போனதல்லவா, அதனால் டைட்டஸ் புதுக் கயிறு வாங்கி மெஷினில் கட்டியிருந்தார். முன்னதைவிடத் தடிப்பானது. விசிறியில் வலையைக் காணோம். லிபின் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், தையல்காரனிடம் அளவு கொடுக்கிறவன் மாதிரி.

கிரேசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, கயிறு எதுக்கு?"

"மெஷின் கைவிட்டுப் போச்சுன்னா?"

"போவட்டு. ஆளு கைவிட்டுப் போனா?"

"ஏட்டி கிரேசி, வந்தவிய முன்ன வச்சு பெகளம் வைக்காத. இதெல்லாம் எனக்குத் தெரியும்."

"ஒங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். தோஹாவில கத்தி இல்லாத ஒருத்தன வெள்ளத்துல எறங்க விட்டியளா?"

டைட்டஸ் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"அது கம்பெனி சட்டம். இது நம்ம கடலு."

"நம்ம கடலுன்னா மூச்சு கூடுதலா கிட்டுமா?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "செரி. இன்னைக்கு இந்தக் கயித்த ஒங்க இடுப்புல கெட்டுங்க. எனக்க மாப்பிள வள்ளத்துல இருந்து பாக்கட்டு."

யாரோ சிரித்தார்கள். சிலுவையாகத்தான் இருக்கும். தொப்பிக்காரர்களில் ஒருவர் மரியாதையாக, "அதெ, சேட்டன் தன்னெ காணிச்சா மதி" என்று மலையாளத்தில் சொன்னார், அண்ணனே ஓட்டிக் காட்டினால் போதுமாம். அவருக்கு உள்விவகாரம் ஒன்றும் தெரியாது, பாவம்.

டைட்டஸ் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முழங்கால் வரை போனார். அதற்குமேல் போகவில்லை. ஓர் அலை வந்து வேட்டியை நனைத்துவிட்டுப் போனது, இன்னொன்று வந்தது. கயிறு கையிலேயே இருந்தது; இடுப்புக்குப் போகவில்லை.

அப்போது லிபின் வெள்ளத்தில் இறங்கி அவரிடம் போனான். டைட்டஸ் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்க்கக் கூச்சப்பட்டவன்போலக் கையை மட்டும் நீட்டினான்.

"தாருங்கண்ணே. நான் கெட்டுதேன்."

கயிறு கைமாறியது. அவன் அதை இடுப்புக்குக் கொண்டுபோக இழுத்தான். வரவில்லை. மெஷினுக்கும் அவனுக்கும் நடுவே கிரேசி கயிற்றின்மேல் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தாள். அவன் மறுபடி இழுத்தான். அவள் மற்ற காலையும் எடுத்து வைத்தாள். அலை வந்து இரண்டு காலையும் மூடியது. வடிந்தபோது அவள் கால்கள் கணுக்கால் வரை மணலில் புதைந்திருந்தன; கயிறு எங்கே என்று தெரியவில்லை.