முந்நூறு மீட்டர்

என் மருமகன் அயாஸுக்கு மான் சுட ஆசை. ஆசைப்படட்டும், அதற்கு என் முட்டியா கிடைத்தது?

புதுப்பட்டினம் கடைத்தெருவில் எனக்கு ஆட்டுக்கறிக் கடை. மைதீன் பாய் அறுத்தது என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். முப்பது வருஷத்தில் சம்பாதித்தது அந்தப் பேர் ஒன்றுதான், மிச்சமெல்லாம் மூட்டு வலி.

என் மகள் ஹனியா நாலு மாதம் முன்பு சிறுசேரியில் புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு வந்து நின்றாள். கன்னத்தில் விரல் தடம். "கீழ வுழுந்துட்டேன் அத்தா" என்றாள். ஜமாத் பெரியவர்கள் பேசிப் பேசி, போன வெள்ளிக்கிழமை அயாஸ் அவளை அழைத்துப்போக வந்தான். வந்தவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"மாமா, நாளைக்கு மான் வேட்டை. நீங்க கத்தியோட வந்தா போதும். மத்யானம் எல்லாரும் சாப்ட்டுட்டு இவள இட்டுகினு கெளம்பறேன்" என்றான்.

மாட்டினால் ஜெயில். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி ஹபீபா கதவோரம் நின்று கண்ணைக் காட்டினாள். நானும் அலுத்துத்தான் போயிருந்தேன். நாலு மாதமாகக் கடைக்கு வருகிறவர்கள் கறியைப் பற்றி ஒரு வார்த்தை, என் மகளைப் பற்றிப் பத்து வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறார்கள். எப்படியாவது முடிந்தால் சரி என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை விடிந்தபோது, செங்கல்பட்டு தாண்டி ஒரு காட்டுமலைப் பாறையில் படுத்திருந்தோம். துப்பாக்கி யாரோ சிநேகிதனுடையதாம். மேலே தூரக் கண்ணாடி. எதிர் மலைச் சரிவில் புள்ளிமான்கள் மேய்கின்றன என்றான். எனக்குப் புதர்தான் தெரிந்தது.

"கொஞ்சம் கிட்டப் போயிடலாமே மாப்ள?"

"இன்னா மாமா நீங்க! முந்நூறு மீட்டரு. கிட்டப் போய் சுடறதுக்கு இது எதுக்கு?"

சுட்டான். மலை முழுக்கப் பறவைகள் கிளம்பின.

"வுழுந்துச்சு! உயிரு கீது, கால ஒதைக்குது. சீக்கிரம் ஓடுங்க மாமா!"

"நீங்களும் வாங்களேன்."

"நான் கண்ணாடில பாத்துகினே இருந்தாத்தான் எடம் தெரியும். போன்ல வழி சொல்றேன்."

அதில் நியாயம் இருந்தது. அந்தப் பக்கம் போய்விட்டால் எல்லாப் புதரும் ஒன்றுதான். உயிர் இருக்கும்போதே அறுத்தால்தான் எங்களுக்கு அது கறி. போன பிறகு அறுத்தால் வெறும் பிணம், ஹராம். எனவே அவனுடைய முந்நூறு மீட்டரை நான் நடந்தாக வேண்டும். குண்டுக்கு என்ன, நேராகப் போய்விட்டது. எனக்கு இறக்கம், காய்ந்த ஓடை, முள், பிறகு ஏற்றம்.

பாதி ஏற்றத்தில் முட்டி மடங்கவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து, "மாமா, லெஃப்ட்ல போங்க... மாமா?" என்று போன் கத்திக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம்தான் உட்கார்ந்தேன். பத்தாகவும் இருக்கலாம்.

பெட்டை மான். வயிற்றில் குண்டு. உடம்பில் சூடு இருந்தது. விரலால் கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். உயிர் இருந்தால் இமைக்கும். இமைக்கவில்லை.

கத்தியை எடுத்தேன். பிஸ்மில்லா சொல்ல நாக்கு எழவில்லை. சொல்லாமலே அறுத்தேன். பீறிட வேண்டிய ரத்தம் சோம்பலாகக் கசிந்தது.

"மாமா, உயிரு இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன். களைப்பில் சொன்னேன் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ளலாம். பயத்தில்தான் சொன்னேன். இல்லை என்றால் அவன் முகம் மாறும், அந்த முகத்தோடுதான் என் மகள் கிளம்ப வேண்டும்.

வீட்டில் ஹனியா குழாயடியில் கறியைக் கழுவினாள். கசாப்புக்காரன் மகள். ரத்தம் உள்ளேயே தங்கிக் கறுத்துப்போன கறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்படியே அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பாய் விரித்தார்கள். அவளுடைய பை கட்டித் தயாராக வாசல் பக்கம் இருந்தது. சோற்றில் கையை வைத்துக்கொண்டு அயாஸ் முந்நூறு மீட்டரை ஹபீபாவுக்கு இரண்டாம் தடவை விளக்கினான். அப்புறம் ஹனியா பக்கம் திரும்பி, "நீயும் சாப்புடு. உனக்கோசரம்தான் சுட்டேன்" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். கறியைப் பிட்டுச் சோற்றோடு சேர்த்து எடுத்தாள். என்னவென்று தெரிந்தேதான் எடுத்தாள். 'கீழ வுழுந்துட்டேன்' என்று சொன்ன அன்றைக்கு இருந்த அதே முகம். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, என் பிள்ளை ஹராமைத் தின்னத் துணிந்துவிட்டாள். எனக்கு அப்படியே செத்துவிடலாம் போலிருந்தது.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கீழ போடும்மா. செத்ததத்தான் அறுத்தேன்."

அயாஸ் கையை உதறினான். "இன்னா மாமா, உயிரு இருந்துச்சுன்னு போன்ல சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்."

"இது வெளிய தெரிஞ்சா உங்க கடைல ஒருத்தன் கறி வாங்குவானா?"

"வாங்க வேணாம் மாப்ள."

எழுந்து கையைக் கழுவினான். "ஹனியா, கெளம்பு" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றான்.

ஹனியாவும் கையைக் கழுவினாள். வாசல் பக்கம் போய்ப் பையைத் தூக்கினாள். ஹபீபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பையோடு என் முன்னால் வந்து நின்று, "அத்தா, இதப் பிரிச்சிடவா?" என்று கேட்டாள்.

"பிரிச்சிடும்மா."

அவள் உள்ளே போனாள். ஜிப் திறக்கும் சத்தம் கேட்கும்வரை நான் முட்டி வலியோடு வாசலை மறித்து நின்றேன்.