காணாமல் போன கணக்கில்

அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளி மேடம் என்று பெயர். நகரத்தில் எங்கே பூட்டு உடைந்தாலும், வண்டி களவு போனாலும், காவல் நிலையங்கள் அனுப்பும் பட்டியலைப் பார்த்து வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பாள். எந்தத் தெருவில், எந்தக் கிழமையில் புள்ளிகள் கூடுகின்றன என்று கவனித்து, ரோந்து எங்கே போக வேண்டும் என எழுதித் தருவாள். தற்காலிகப் பணியாளராக நுழைந்தவள் ஒன்பதே வருடத்தில் குற்றப் பகுப்பாய்வுப் பிரிவுக்குத் தலைவியாகிவிட்டாள். அந்த வருடம் திருட்டு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எல்லாம் இவளுடைய ரோந்துத் திட்டத்தால்தான் என்று மேலதிகாரி மேடையிலேயே சொன்னார்.

எப்படிக் குறைந்தது என்று அவளுக்குத் தெரியும். திருட்டு இறங்க இறங்க, ‘காணாமல் போனவை’ என்ற பட்டியல் ஏறிக்கொண்டே இருந்தது. திருட்டு என்று பதிந்தால் விசாரிக்க வேண்டும், மேலே பதில் சொல்ல வேண்டும். தொலைந்தது என்று எழுதினால் ஒரு ரசீதோடு தொல்லை விட்டது. ஒரு தடவை மேலதிகாரியிடம் இதைப் பற்றி வாயெடுத்தாள். அது நம் வேலை இல்லை என்றார் அவர். அவளும் விட்டுவிட்டாள்.

அந்தப் பட்டியலில் பறிகொடுத்தவர் பெயர் இருக்காது, பொருளும் தேதியும்தான். ஒரு நாள் அதில் ‘தையல் மிஷின் இரண்டு’ என்று கண்டு, "இதென்ன, கைப்பையிலயா வச்சிருந்தாங்க, வழியில நழுவி விழுறதுக்கு?" என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பதவி உயர்வைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தாள். சித்தி சின்னதாய் ஒரு தையல் கடை வைத்திருந்தவள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்தியிருப்பதைப் பார்த்து அம்மா துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஏழு மாதத்துக்கு முன் பூட்டை உடைத்து இரண்டு மிஷினையும் தூக்கிப் போய்விட்டார்களாம். அன்றிலிருந்து கைத்தையல்தானாம்.

"போலீஸ்ல சொல்லலையா?"

"சொன்னேன்க்கா. காணாமப் போச்சுன்னு எழுதிக் குடுத்தாங்க. ரெண்டு ஆளு சேர்ந்து தூக்குற சாமான் எப்படிங்க காணாமப் போகும்னு கேட்டேன். கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புன்னுட்டாங்க."

இவளிடம் ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்டாள்.

"பாப்பா எவ்வளவு பெரிய வேலை பாக்குறா. என் மிஷினுக்காக அவ யார்கிட்டயாவது போய் நிக்கணுமா?"

சித்தி ஊட்டிவிட்ட இனிப்பு அவள் வாயிலேயே இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மறுநாள் சித்தியைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். அடையாள அட்டையைப் பார்த்ததும் எழுத்தர் எழுந்து நாற்காலி போட்டார். பத்தே நிமிடத்தில் திருட்டு என்று பதிவானது. வெளியே வந்த சித்தியின் முகத்தில் சந்தோஷம் இல்லை. அன்றைக்கும் இதே ஆள்தான் இருந்தார் என்றாள். கொஞ்ச தூரம் நடந்ததும் நின்றாள்.

"இப்படித்தான் எழுதுறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சித்தி."

சிரித்ததையும் சொன்னாள். சித்தி திட்டவில்லை. பஸ் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க மூல மனுக்களை வரவழைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். காணாமல் போனவற்றில் இருநூற்றுப் பதினொன்று அப்பட்டமான திருட்டு. அவற்றையும் சேர்த்தால் திருட்டு குறையவே இல்லை. திருத்திய அறிக்கையைக் கையெழுத்திட்டு மேலதிகாரியிடம் கொடுத்தாள்.

"அப்பவே எழுத்துல குடுத்திருக்கலாமே?" என்றார் அவர், தாளைப் பார்த்தபடியே.

அறிக்கை மேலே போனது. பிரிவின் தலைவி ஆரம்பத்தில் கவனிக்கத் தவறிவிட்டார் என்று அவர் எழுதிய குறிப்பும் கூடப் போனது. பதவிக்கு ஆபத்து வரவில்லை. மிஷின்கள் கிடைக்கவில்லை.

கவனிக்கத் தவறவில்லை, கவனித்துவிட்டுத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று குறிப்பைத் திருத்தச் சொல்ல இரண்டு முறை அவர் அறை வாசல் வரை போனாள். இரண்டு முறையும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.