துண்டுக்குள் பேச்சுவார்த்தை

அப்பு சேட்டன் மைக்கில் இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்துச் சொன்னபோது என் கணவர் மேடையின் இடதுபக்கப் படியிலும் என் அண்ணா வலதுபக்கப் படியிலும் கால் வைத்திருந்தார்கள். இருவரும் ஒரே சமயத்தில் நின்றார்கள். பிறகு ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சட்டென்று குனிந்து, ஏற்கெனவே நேராக இருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை நேராக்கினேன். ‘நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கமலாக்ஷி’ என்று மலையாளத்தில் எழுதிய சிவப்பு ரிப்பன் என் தோளில் குத்தியிருந்தது. அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். இனிமேல் கழற்றி என்ன பிரயோஜனம்!

மறைப்பானேன், ஆறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு ஆண்களை ஒரே மேடையில் ஏற்றியது நான்தான். “எதிரே பிச்சை உக்காருவார்” என்று இவரிடம் சொன்னேன். அண்ணாவிடமும் அதையேதான் சொன்னேன். பிச்சை எங்கள் பஜாரில் மூத்த தரகர். அன்றைக்குக் காலை அவர் பழனியில் மொட்டை போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இவர் வெங்கிடேஸ்வரன், சுக்குத் தரகர். அண்ணா சுதர்ஷன், சுக்கு வியாபாரி. எங்கள் பாலக்காட்டுச் சொந்தமெல்லாம் ஆடிட்டர், வாத்தியார் என்று சட்டை கசங்காமல் இருக்க, நாங்கள் மட்டும் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்குத் தூசியில் தும்மிக்கொண்டிருக்கிறோம். எங்கள் பஜாரில் பழைய ஆட்கள் விலையை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த கிடங்குக்காரன் காதில் விழுந்துவிடும். கையின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அடியில் ஒருவர் விரலை மற்றவர் பிடித்துப் பேசுவார்கள். முதலில் பிடிப்பது பத்து, விட்டு மறுபடி பிடிப்பது ஒற்றை. மூன்று விரலைப் பிடித்து, விட்டு, நாலு விரலைப் பிடித்தால் முப்பத்துநாலு. முழுக் கையையும் பிடித்து, உடனே நாலைப் பிடித்தால் இரண்டையும் கூட்டி ஒன்பது. விரலின் நடுவில் நகத்தால் கிள்ளினால் அரை. ஒப்புக்கொண்டால் உள்ளங்கையைச் சேர்த்து ஒரு குலுக்கு. அவ்வளவுதான், அதற்கப்புறம் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு லோடு சுக்குக்கு இவரும் அண்ணாவும் இப்படிப் பேசிக் குலுக்கினார்கள். லாரி கிளம்பும்போது, கடைசியில் பிடித்தது மூன்று விரல் என்றார் இவர். நாலு என்றார் அண்ணா. துண்டுக்குள் நடந்ததற்குச் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? சரக்கு லாரியிலிருந்து இறங்கியது. அன்றோடு பேச்சும் நின்றது.

ஒரு விரல்! ஒரு விரலுக்காக ஒருவர் வருகிற தெருவில் மற்றவர் நடக்கமாட்டார். கோயிலில் இவர் பிரதட்சணம் செய்தால் அண்ணா செருப்புப் போடுகிற இடத்திலேயே நின்று மணி பார்ப்பார். நான் மட்டும் வாரம் ஒருமுறை அண்ணா வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வருவேன். இருவர் வீட்டிலும் அடுத்தவர் பெயரை எடுக்காமல் பேசிப் பேசி எனக்கே பாதி வாக்கியம் மறந்துபோகும்.

இப்போது அண்ணாவின் பிள்ளை சந்தீப்புக்குக் கல்யாணம். என் இடுப்பில் வளர்ந்த குழந்தை. மாப்பிள்ளையின் அப்பா வீடு தேடி வந்து, குங்குமம் கொடுத்து, வாயால் தேதி சொல்லி அழைத்தால்தான் அழைப்பு. “அவர் என்னை ஒரு வார்த்தை ஆத்துக்கு வான்னு சொல்லட்டும், அடுத்த நிமிஷம் தாம்பாளத்தோட வந்து நிக்கறேன்” என்று அண்ணா சொன்னார். “அழைக்க வரவாளை நான் எதுக்கு அழைக்கணும்?” என்று இவர் கேட்டார். நான் கல்யாணத் தேதியைச் சொல்ல வாயெடுத்தாலே டி.வி. சத்தத்தை ஏற்றினார். நான் தனியாகப் போய் நின்றால் ‘அவர் வரலையா, அவர் வரலையா’ என்று நானூறு பேர் கேட்பார்கள். அதற்கு வீட்டிலேயே உட்கார்ந்து அழலாம். நானும் இவரும் சேர்ந்து போய் முன்வரிசையில் உட்காரவேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வியாபாரிகள் சங்கம் பஜார் உற்சவத்தைக் கையிலெடுத்தது. டிசம்பர் கடைசியில் கப்பலில் வரும் வெளிநாட்டுக்காரர்களெல்லாம் அரண்மனையைப் பார்க்கிறார்கள், யூதத் தெருவில் பித்தளைச் சாமான் வாங்குகிறார்கள், அப்படியே பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். பஜார் ரோட்டுப் பக்கம் ஒரு ஈ காக்காய் திரும்பவில்லை என்பது எங்கள் சங்கத் தலைவர் அப்பு சேட்டனின் மனக்குறை. அவருக்குக் குடைக்கடை. மழை நின்றுவிட்டால் அவருக்கு சுற்றுலா வளர்ச்சி ஞாபகம் வந்துவிடும். போன வருஷமும் இந்தத் துண்டு வியாபாரத்தை மேடையில் காட்டினோம். இரண்டு கிழவர்கள் துண்டுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதை நாலு நிமிஷம் பார்த்துவிட்டு ஜனங்கள் கப்பலுக்கே திரும்பிவிட்டார்கள். “ஈ வருஷம் அது பத்தாது சேச்சி, உள்ளே நடக்கறது ஜனங்களுக்குக் காணணும்” என்றார் அப்பு சேட்டன். பேலஸ் ரோட்டில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் மதுவந்திதான் வழி கண்டுபிடித்தாள். கண்ணாடி போட்ட ஒரு மேஜை, கண்ணாடிக்கு அடியில் விளக்கும் சின்ன கேமராவும், மேடைக்குப் பின்னால் பெரிய எல்.இ.டி. திரை. மேலே துண்டு மூடியிருக்கும், அடியிலிருந்து விரல் தெரியும். விலை பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லக்கூடாது, சொன்னால் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று செயற்குழுவில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தது நான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சரி, மேடைக்கு வருகிறேன். இருநூறு வெளிநாட்டுக்காரர்கள், பஜார் முழுக்க உள்ள வியாபாரிகள், எல்லார் எதிரிலும் படியிலிருந்து இறங்கிப்போவது கௌரவமா? இருவருக்கும் அது முடியாது. ஏறினார்கள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இவர் கப்பல் நிற்கிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணா கண்ணையே மூடிக்கொண்டார். பக்கத்தில் சிங்காரி மேளக்காரர்கள் முப்பது பேர் செண்டையை வெளுத்து வாங்கினார்கள். அவர்களைத் தெருவில் நிறுத்த போலீஸ் அனுமதி கிடைக்காததால் மேடையிலேயே ஓரமாக ஏற்றியிருந்தோம். அந்தச் சத்தத்தில் அப்பு சேட்டன் மைக்கில் சொல்வது ஜனங்களுக்குத்தான் கேட்கும், மேடையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

கைகள்மேல் துண்டு விழுந்தது. திரையில் இரண்டு கைகள், ஆளுயரத்துக்கு. கூட்டம் “ஓ” என்றது. முன்னால் ஒரு மூட்டை சுக்கு வைத்திருந்தோம், அதற்கு ஏதாவது ஒரு விலையைப் பேசி முடித்துக் குலுக்கவேண்டும். மொத்தம் மூன்று நிமிஷம் என்று நிகழ்ச்சி நிரலில் நானே எழுதியிருந்தேன்.

இவர் அண்ணாவின் மூன்று விரலைப் பிடித்தார்.

அண்ணா கையை உருவி, இவருடைய நாலு விரலைப் பிடித்தார்.

இவர் உதறிவிட்டு மூன்று. அண்ணா நாலு. மூன்று. நாலு. அடப்பாவிகளா, இது மேடையில் இருக்கிற மூட்டைக்கு விலை இல்லை. ஆறு வருஷத்துக்கு முந்தின லோடு! பின்வரிசையில் நின்ற தரகர்களுக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள், சாயா குடிக்கப் போனவர்களைப் போன் செய்து கூப்பிட்டார்கள். “த்ரீ! ஃபோர்! த்ரீ!” என்று அப்பு சேட்டன் கிரிக்கெட் வர்ணனை செய்தார். வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு கட்சி மூன்றுக்கும் ஒரு கட்சி நாலுக்கும் கைதட்ட ஆரம்பித்தார்கள். தொப்பி போட்ட ஒரு அம்மாள் அண்ணா பக்கம். எழுந்து நின்று நாலு விரலைக் காட்டிக் கத்தினாள்.

பத்து நிமிஷம் ஆனது. இருபது ஆனது. அடுத்து திருவாதிரைக் கும்மி ஆடக் காத்திருந்த பெண்கள் தலையில் வைத்த மல்லிகை வாடுகிறது என்று முறையிட்டார்கள். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். எனக்கோ தரையில் பள்ளம் தோண்டி உள்ளே படுத்துக்கொள்ளலாம்போல இருந்தது. பேசவைக்கலாம் என்று நினைத்து, ஊர் பார்க்கச் சண்டையைத் தொடர வைத்துவிட்டேனே. இனி இவர் அண்ணா வீட்டு வாசலை மிதிப்பாரா? சந்தீப் கல்யாணத்தன்று நான் டி.வி. எதிரில் உட்கார்ந்திருப்பது கண்ணெதிரே தெரிந்தது.

அப்போதுதான் அண்ணாவின் விரல் நுனிகளைத் திரையில் கவனித்தேன். எல்லாவற்றிலும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். சர்க்கரை பார்க்க ஊசி குத்திக் குத்தி வந்தது. எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. அண்ணாவுக்கு சர்க்கரை என்று சொல்ல நான் வாயெடுத்த அன்றும் டி.வி. கத்தியது. இவர் மூன்று விரலைப் பிடிக்கப் போனவர் அந்த நுனிகளின் சொரசொரப்பு தட்டுப்பட்டு நின்றார். சுக்கு காய்ந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பாரே, அதேபோல ஒவ்வொரு நுனியாகத் தேய்த்துப் பார்த்தார். பிறகு மெதுவாக நாலு விரலைப் பிடித்தார்.

நாலு! விட்டுக்கொடுத்துவிட்டார்! என் வாயிலிருந்து “அம்மா” என்று சத்தமே வந்துவிட்டது. ஆனால் என் அண்ணாவைப் பற்றி எனக்குத் தெரியாதா? அவரும் அதே சமயத்தில் மனம் இளகி, இவருடைய மூன்று விரலைப் பிடித்திருந்தார்.

போச்சு. இப்போது இவர் நாலு என்கிறார், அண்ணா மூன்று என்கிறார். இவர் நாலை அழுத்துகிறார், அண்ணா கையை உருவிக்கொண்டு மூன்றை அழுத்துகிறார். ஆறு வருஷம் தான் சொன்னதே சரி என்று நின்றவர்கள், இப்போது நீ சொன்னதே சரி என்று முன்னைவிடப் பிடிவாதமாக மல்லுக்கட்டினார்கள். மேஜை ஆடியது. கட்சி பிரிந்திருந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு யாருக்குக் கைதட்டுவது என்றே தெரியவில்லை. தொப்பி அம்மாள் ‘இதென்ன அக்கிரமம்’ என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“மாமி, ரெண்டு பேரும் கட்சி மாறிட்டாங்களா?” என்று மதுவந்தி என் காதில் கேட்டாள்.

“பேசாம இருடி” என்றேன். எனக்குக் கண் கலங்கித் திரை சரியாகத் தெரியவில்லை.

கடைசியில் அண்ணாதான் களைத்துப்போனார். மூன்றையும் விட்டார், நாலையும் விட்டார். கை சும்மா கண்ணாடிமேல் கிடந்தது. பிறகு இவருடைய இரண்டு விரலைப் பிடித்தார். விட்டார். மறுபடி இரண்டு.

“ட்வெண்ட்டி டூ!” என்று அப்பு சேட்டன் துள்ளினார்.

அண்ணா விட்டுவிட்டு ஒரே ஒரு விரலைப் பிடித்தார்.

“ஒன்! அய்யோ, விலை இடிஞ்ஞு போச்சே!” அப்பு சேட்டனின் குரல் உடைந்தது. சுக்கு விலை உண்மையாகவே விழுந்துவிட்டதோ என்று பின்னால் ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார்.

அண்ணா அடுத்ததாக முழுக் கையையும் சேர்த்து ஐந்து விரலையும் பிடித்தார், உடனே விட்டு நாலைப் பிடித்தார். அப்புறம் சுண்டுவிரலின் நடுவில் நகத்தால் ஒரு கிள்ளு. இவருக்கு வலித்திருக்கவேண்டும், திரையில் கை துடித்தது.

இருபத்திரண்டு. ஒன்று. ஒன்பதரை.

ஜனவரி இருபத்திரண்டாம் தேதி, காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். ஆறு வருஷமாக இவருக்குச் சொல்ல வாயில்லாத மனுஷர், விரலைப் பிடித்துச் சொல்லிவிட்டார். தாம்பாளம் இல்லை, குங்குமம் இல்லை, வீட்டு வாசலும் இல்லை. ஆனால் அழைத்துவிட்டார். இதற்கு டி.வி. சத்தத்தை ஏற்ற முடியாது.

இவர் கை அசையவில்லை. இவருக்குப் புரியவில்லையோ? இத்தனை வருஷம் தரகு பார்த்தவருக்கா புரியாது! ஒரு வேளை புரிந்துதான் அசையாமல் இருக்கிறாரோ? ‘முறைப்படி வந்து அழைக்கட்டும்’ என்று மறுபடி ஆரம்பிப்பாரோ? நான் குருவாயூரப்பனைக் கூப்பிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று, மொட்டை போட்டுக்கொண்டிருக்கிற பிச்சையை நினைத்து, பழனி ஆண்டவரையும் கூப்பிட்டேன். செண்டைக்காரர்கள் உச்சத்துக்குப் போய், ஒரே அடியில் நிறுத்தினார்கள். தெருவில் காக்கை கத்துவது கேட்டது.

திரையில் இவர் கை திரும்பியது. உள்ளங்கையை அண்ணாவின் உள்ளங்கையோடு சேர்த்து, ஒரு குலுக்குக் குலுக்கியது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. தொப்பி அம்மாள் மேடை விளிம்புக்கு ஓடிவந்து, கடைசியில் என்ன விலைக்குத்தான் முடிந்தது என்று அப்பு சேட்டனிடம் கேட்டாள். அவர் இருபத்திரண்டா, ஒன்றா, ஒன்பதரையா என்று விழித்தார். “சேச்சி, நிங்ஙள் பறயூ” என்று மைக்கை என் கையில் திணித்தார்.

பொறுப்பாளர் என்ற முறையில் ஏதாவது ஒரு விலையைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் வாய் தானாகப் பேசியது.

“ஜனவரி இருபத்திரண்டு, காலம்பற ஒம்பதரைக்கு எங்க சந்தீப்புக்குக் கல்யாணம். எல்லாரும் அவசியம் வரணும்.”

அதையே எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் சொன்னேன். இருநூறு வெளிநாட்டுக்காரர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பஸ் டிரைவர்கூட ஹாரனில் தாளம் போட்டார். மேடையில் இருவரும் திடுக்கிட்டுத் திரும்பி, முதல்முறையாகப் பின்னால் இருந்த திரையைப் பார்த்தார்கள். துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

“இருநூறு இலைக்கு நான் எங்கே போவேன்டா வெங்கிடு?” என்று அண்ணா இவரைப் பார்த்துக் கேட்டார்.

இவர் இன்னொரு கையால் துண்டைத் தேடினார். மேஜைமேல் துண்டு இல்லை. திரையில் இரண்டு கைகளும் ஆளுயரத்துக்கு அப்படியே பிடித்தபடி இருந்தன. பஜார் மொத்தமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.