இரண்டு கிலோவும் இரண்டு ஹார்னும்

லிஃப்ட் பழுது பார்ப்பவளுக்கு மாடிப்படிதான் கதி. லிஃப்ட் ஓடாத நாளில்தானே அவளைக் கூப்பிடுவார்கள்? ஒன்பதாவது மாடிக்கும் மேலே இயந்திர அறை, தோளில் மூன்றரைக் கிலோ லேப்டாப். அதைக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வயரால் இணைத்தால்தான் லிஃப்டுக்கு என்ன நோவு என்று தெரியும். ஊரிலுள்ள லிஃப்டுகளின் நோவையெல்லாம் பார்த்ததில் அவள் தோளுக்கே நோவு வந்துவிட்டது.

"இனிமே இந்தத் தோள்ல ரெண்டு கிலோவுக்கு மேல ஏத்தாதீங்க" என்று டாக்டர் சொன்னார். பக்கத்தில் நின்ற கணவர், ஏதோ தீர்ப்பு வாசித்ததைப் போலத் தலையாட்டினார். அவர் தராசு பழுது பார்ப்பவர். எடையென்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மனிதர் சிலிர்த்துக்கொள்வார்.

ஆகவே புது லேப்டாப். இலேசாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே என்கிறீர்களா? அவ்வளவு மட்டும் இல்லை. அவளுக்கு இன்னொரு கவலை இருந்தது. அதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவள் கார்ப்பந்தயம் ஓட்டுவாள். லேப்டாப்பில்தான். எதிராளி வேறு ஊரில் இருக்கும் நாத்தனார். பந்தயத்தில் தோற்றவர், "நீங்கதான் ராணி" என்று தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். இரண்டு வருஷமாக நடக்கிறது. கணவர் அந்நேரம் பட்டறையில் இருப்பார். வீட்டில் அவள் ரிப்போர்ட் எழுதுவதாக ஏற்பாடு.

முன்பெல்லாம் நாத்தனார் சந்தோஷமாகத் தோற்பார். மூன்று மாதத்துக்கு முன் கண் ஆபரேஷன் செய்துகொண்டார். அன்றிலிருந்து புயல்தான். வரிசையாகப் பன்னிரண்டு சனிக்கிழமை இவளுக்குத் தோல்வி. ஜெயித்த கையோடு 'பாம் பாம்' என்று இரண்டு ஹார்ன் வேறு. ஆபரேஷன் பண்ணிய கண் இவ்வளவு தெரியுமா என்று இவள் வியந்துபோனாள். பழைய லேப்டாப் திக்கித் திணறுவதால்தான் தோற்கிறோம், புதிதில் பழி வாங்கிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குக் கிளம்பும்போது கணவர் சட்டைப்பையில் எதையோ திணித்தார்.

"என்னங்க அது?"

"கொக்கித் தராசு. கடைக்காரங்க அட்டையில எழுதுற எடையை நான் எதுக்கு நம்பணும்?"

கடையில் கொண்டையில் பேனா செருகிய ஒரு பெண் இவர்களைக் கவனித்தாள். எந்த லேப்டாப்பைக் காட்டினாலும் கணவர் துணிப்பைக்குள் வைத்துக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் டிவி வாங்க வந்தவர்கள் டிவியை மறந்து இவரைப் பார்த்தார்கள்.

முதலாவது ஒரே கிலோ. கணவருக்குக் கண் கலங்காத குறை. "பூ மாதிரி இருக்கும்மா! இதையே எடுத்துடு."

அவள் கடைக்காரப் பெண்ணின் காதருகே குனிந்து, "இதுல கார் ரேஸ் ஓடுமா?" என்றாள்.

"ஓடாதுக்கா. நகரும்."

இரண்டாவது, ஆட்டக்காரர்களுக்கென்றே செய்தது. விசைப்பலகையில் ஏழு நிறத்தில் விளக்கு. விசிறி அரவை மில் மாதிரி இரைந்தது. கொக்கித் தராசு இரண்டரையைத் தாண்டிவிட்டது. "இதைத் தூக்கிட்டு ஒன்பது மாடி ஏறினா, உன்னை இறக்கறதுக்கு வேற லிஃப்ட் வேணும்" என்றார் கணவர்.

மூன்றாவதைப் பெண் உள்ளேயிருந்து எடுத்து வந்தாள். பார்க்கச் சாதுவாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது. "எடை ஒண்ணரை கிலோதான். ஆனா கிராஃபிக்ஸ் சிப் தனியா இருக்குக்கா. நாள் பூரா ஆடினா சூடாகும். எப்பவாவது ஆடறதுக்குத் தாராளம்."

இவள் மனம் அதில் ஒட்டிக்கொண்டது. கணவரோ, "சார்ஜர் எங்க?" என்றார். வந்தது. செங்கல்லுக்குத் தம்பி. இரண்டையும் சேர்த்து மாட்டினார்.

"ரெண்டு கிலோ நூறு கிராம். ஆகாது."

"நூறு கிராம்தானேங்க!"

"தராசுக்கு முன்னாடி 'தானே'ங்கிற பேச்சே கிடையாது. அந்த ஒரு கிலோவையே கொடுங்கம்மா."

இத்தனை பிடிவாதம் எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. கடைசி முயற்சியாக, "லிஃப்ட் வயரிங் வரைபடம் இதுல எப்படித் திறக்குதுன்னு ஒரு தடவை பாத்துடறேன். நீங்க அந்தப் பக்கம் மிக்ஸிங்களை நிறுத்துப் பாருங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, பெண்ணிடம் கண்ணைக் காட்டினாள். பந்தயம் திரையில் விரிந்தது.

ஐயோ, என்ன ஓட்டம்! பன்னிரண்டு வாரமாகத் திக்கிய வண்டி வெண்ணெயில் இறங்கிய கத்தியாகப் போனது. மலைப்பாதை முடிந்து கடைசி வளைவு வந்தது. அதற்கு அப்புறம் பாலம். இன்னும் திரையில் பாலம் வரவேயில்லை.

"இடது பக்கம் ஒதுங்கு, ஒதுங்கு! பாலத்துக்கு முன்னாடி எண்ணெய் கொட்டியிருக்கு!"

முதுகுக்குப் பின்னாலிருந்து குரல். அவள் திரும்பினாள். வண்டி எண்ணெயில் வழுக்கி ஆற்றில் விழுந்தது. கணவர் கையில் கொக்கித் தராசு ஊசலாடிக்கொண்டிருந்தது.

"அங்க எண்ணெய் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாலம்னா... பொதுவா எண்ணெய் இருக்கும்."

தினமும் மாலையில் வாசலில் வந்து நிற்கும் அவருடைய ஸ்கூட்டரின் ஹார்ன் அவள் காதில் ஒலித்தது. பாம் பாம். அதே இடைவெளி, அதே கெத்து.

"பன்னிரண்டு வாரம்" என்றாள் மெதுவாக. "உங்களைப் போய் ராணின்னு எழுதியிருக்கேன்."

கடைக்காரப் பெண் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை விழுங்கினாள்.

"அக்காதான் சொன்னா" என்று இழுத்தார் அவர். "கண் கட்டு பிரிக்கிற வரைக்கும் என் பேர்ல நீ ஆடுடா, ஆட்டம் நின்னா அவ முகம் வாடிப்போயிடும்னு. கட்டு பிரிச்சப்புறம் அக்காவுக்கு ஸ்வெட்டர் பின்ற பைத்தியம் பிடிச்சிடுச்சு. பட்டறை கம்ப்யூட்டரும் சும்மாதானே கிடக்கு..."

"அதனாலதான் ஒரு கிலோவைக் கட்டிக்கிட்டு அழுதீங்களா? அதுல கார் ஓடாதுன்னு தெரிஞ்சே?"

"சத்தியமா பாதி உன் தோளுக்காகத்தான்."

"மீதிப் பாதி?"

அவர் தராசைப் பார்த்தார். அது ஒன்றும் உதவி செய்யவில்லை.

பெண் இரக்கப்பட்டு நடுவில் வந்தாள். "சார், இந்தச் செங்கல் ஆடும்போது மட்டும்தான் வேணும். அதை வீட்டுலயே வெச்சுடலாம். வேலைக்குப் போறப்ப போன் சார்ஜர் மாதிரி இந்தச் சின்னது போதும், இதுலயும் சார்ஜ் ஏறும்."

கணவர் சின்னதைக் கொக்கியில் மாட்டினார். மொத்தம் ஒன்று அறுநூறு. டாக்டர் சொன்னதற்கு நானூறு கிராம் கீழே.

"எடை சரியா இருக்கு" என்றார், தன் தோல்விச் சீட்டில் தானே கையெழுத்துப் போடுகிற குரலில்.

அடுத்த சனிக்கிழமை மூன்றரைக்கு அவர் செருப்பை மாட்டினார். "சந்தையில ஒரு தராசு மக்கர் பண்ணுதாம்."

"போயிட்டு வாங்க. எனக்கும் ரிப்போர்ட் இருக்கு" என்றாள் அவள், சிரிக்காமல்.

நான்கு மணிக்குப் பந்தயம் தொடங்கியது. பாலத்துக்கு முன்னால் அவள் இடது பக்கம் ஒதுங்கினாள். சொல்லிக்கொடுத்தவர் பின்னால் வந்த பதற்றத்தில் எண்ணெயிலேயே ஏறி ஆற்றுக்குப் போனார். கோட்டைத் தாண்டியதும் அவள் நிதானமாக இரண்டு ஹார்ன் அடித்தாள். வெகுநேரம் கழித்துத் திரையில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது: 'நீதான் ராணி.'

அன்று மாலை வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சத்தமே இல்லாமல்.