மண்மேடும் ஐந்து மூலைக் கோட்டையும்

கோட்டை என்றால் பிரசாந்துக்கு யாழ்ப்பாணக் கோட்டைதான். ஐந்து மூலை, தடித்த கல்மதில். அதனால்தான் நாலாம் வகுப்பு படிக்கும் மகள் அட்சயா, புலம்பெயர்ந்து வந்து வாழும் வோபர்ன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு நிறைய மண்ணைக் குவித்து வைத்திருப்பதைக் கண்டதும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உதென்ன பிள்ளை, மண்கும்பி?"

"பள்ளிக்கூடப் புறொஜெக்ற் அப்பா. இங்கிலாந்திலை முதல்முதல் கோட்டையை மண்ணாலைதான் கட்டினவை. சுத்தி அகழி வெட்டி, அந்த மண்ணை நடுவிலை குவிச்சு, மேலை மரக்கோபுரம். அங்கை நிண்டால் ஆறு, பாலம், ஊர் எல்லாம் தெரியும். சனம் எங்கை போனாலும் அந்த மேடும் தெரியும். அதுதான் அவைக்குப் பயம்."

மண், சரளை, மண் என்று படைபடையாய்ப் போட்டுக் கரண்டியால் அடித்து இறுக்கியிருந்தாள். உச்சியில் ஐஸ்பழக் குச்சிக் கோபுரம். பிரசாந்துக்கு அதொன்றும் கண்ணில் படவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்குப் பெற்றோர் எல்லாரும் பார்க்க வருவார்களே, அவர்கள் முன்னால் இந்த மண்ணையா வைப்பது?

சனிக்கிழமை அவள் தமிழ் வகுப்புக்குப் போன நேரம் பார்த்து, மேட்டைப் பின்வளவில் கொட்டினான். றெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையை வெட்டி, சாம்பல் நிறம் பூசி, ஐந்து மூலைக் கோட்டை ஒன்றை எழுப்பினான். சும்மா சொல்லக்கூடாது, வடிவாகத்தான் வந்திருந்தது. வந்து பார்த்த பிள்ளை ஒன்றும் பேசவில்லை. சந்தோசத்தில் வாயடைத்துவிட்டாள் என்று அந்தப் புத்திசாலி நினைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை வகுப்பறையில் மேசைக்கு மேசை மண்மேடு. பாடமே மண்மேடுதான். நடுவில், அதற்குப் பல நூற்றாண்டு பிந்தி ஒல்லாந்தர் கட்டிய கோட்டையோடு அட்சயா தனியே நின்றாள்.

"உன்னுடைய மேடு எங்கே?" என்று ஆசிரியை ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். "அவ்வளவு ஆசையாகப் படம் கீறிக் காட்டினாயே."

அட்சயா தகப்பனை ஒருமுறை பார்த்தாள். கைதவறி உடைந்துவிட்டது என்றாள். பிறகு, பாடம் என்னவென்று மறந்துபோனதால் இதைத் தானே செய்ததாகவும் சொன்னாள். ஆசிரியையின் முகம் வாடியது.

பிரசாந் ஓரடி முன்னே வந்தான். நான்தான் கொட்டினேன் என்று சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும்? வாயைத் திறந்தான். அதற்குள், பேத்தியோடு வந்திருந்த அயல்வீட்டுப் பத்மநாதன் அண்ணை அவன் தோளில் தட்டினார்.

"என்ன தம்பி, உதைப் பிள்ளை தனியவோ செய்தவள்?"

அட்சயா நிமிர்ந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் அண்ணை," என்றான் பிரசாந். "தனியத்தான் செய்தவள்."