சிவப்பு நூல் சுற்றிய ரீடு

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் அடுக்ககத்தின் சுவர்கள் அவ்வளவு மெல்லியவை. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டதைத் தவிர என் பங்கு எதுவும் இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பக்கத்து வீட்டில் யாரோ ஒரு வாத்தின் கழுத்தைப் பிடித்து…"

வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சுவரில் டொக் டொக்கென்று சத்தம். ஆணி அடிக்கிறார்கள் போல. கவனம் கலைந்து அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "இசை என்பது மனித மூச்சின்…" வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

2

பக்கத்து வீட்டில் இருப்பவள் தையல்காரி. கணவர் பேருந்து ஓட்டுநர். இருவரும் ஓய்வு நாட்களில் ஓர் இசைக்குழுவில் கிளாரினெட் வாசிப்பவர்கள். கிளாரினெட்டின் ஊதும் முனையில் ஒரு மெல்லிய நாணல் தகடு இருக்கும். சீவாளி என்றால் அழகு. குழுவில் எல்லோரும் ரீடு என்றுதான் சொல்கிறார்கள். அதன் கெட்டிக்கு நம்பர் உண்டு; நம்பர் ஏற ஏறப் பெருமை. (ஏன் என்று கேட்காதீர்கள். சிலர் காரம் தின்பதைப் பெருமையாகச் சொல்வதில்லையா?)

தையல்காரி நாலாம் நம்பர். கணவர் இரண்டரை. பதினோரு வருடமாக அவர் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவள் கேட்பாள்: "என்னங்க, பால்பல்லு விழுந்துடுச்சா, இன்னும் இல்லையா?"

கிளாரினெட் மாதிரியே இருக்கும் இன்னொரு ஊதுகுழல் ஓபோ. குழுவில் அதை வாசித்தவர் வேலை மாற்றலாகிப் போனார். கையில் குச்சியை ஆட்டிக் குழுவை நடத்துபவர், குச்சிக்காரர் என்று வைத்துக்கொள்வோம், தலைகளை எண்ணினார். "கிளாரினெட் நாலு பேர், ஓபோவுக்கு ஆளே இல்ல. யாராவது ஓபோவுக்கு மாறுங்க. இல்லன்னா ஒருத்தரை நான் குறைக்கணும்."

யாரைக் குறைப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் இரண்டரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு நாகரிகமானவர்கள். தையல்காரி மட்டும் கையைத் தூக்கினாள்.

"நான் மாறிக்கறேன். கிளாரினெட் எனக்குச் சலிச்சுப்போச்சு."

(பொய்.)

குச்சிக்காரர் ஆறு வாரம் கொடுத்தார். அதற்குள் ஓபோ வராவிட்டால் அவள் பழைய நாற்காலிக்குத் திரும்புவாள், கணவர் வீட்டுக்குத் திரும்புவார்.

3

ஓபோவின் ரீடில் இரண்டு தகடுகள், முகத்தோடு முகம் வைத்து நூலால் கட்டியவை. அவள் போன இசைக்கருவிக் கடையில் மிருதுவானதற்கு மஞ்சள் நூல், கெட்டிக்குச் சிவப்பு.

"புதுசா கத்துக்கறீங்களா? மஞ்சள் எடுங்கம்மா," என்றார் கடைக்காரர்.

"நான் கிளாரினெட்டுல நாலாம் நம்பர்."

"அது வேறம்மா, இது வேற. இதுல ரெண்டு தகட்டையும் உங்க உதடுதான் தாங்கணும்."

"என் உதட்டைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க."

சிவப்பு வாங்கினாள். ஐந்து நாள் கன்னம் வீங்கியதுதான் மிச்சம். ஆறாம் நாள் ஒரு சத்தம் வந்தது. (வாத்து என்று எழுதக் கை துறுதுறுக்கிறது.) ஒன்பதாம் நாள், கணவர் பேருந்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய் ஒரு மஞ்சள் வாங்கி வந்தாள். ஊதினாள். நூல் பிடித்தாற்போல் ஒரு சுரம், நேராக.

மஞ்சளை அவர் பார்த்தால் பதினோரு வருடப் பால்பல் அவள் பக்கம் திரும்புமே! தையல்காரி அல்லவா? மஞ்சள் நூல் மேல் சிவப்பு நூலைச் சுற்றிவிட்டாள்.*

* எனக்கு எப்படித் தெரியும்? சட்டைக் கையைக் குறைக்கக் கொடுக்கப் போனேன். மேசையில் எல்லாம் இருந்தது. கண் இருந்தால் பார்க்கத்தானே செய்யும்.

4

கணவரை எப்படி எழுதுவது என்பதில்தான் தடுமாறுகிறேன். முதல் வரைவில் அவர் ஒன்றும் தெரியாத அப்பாவி. ஆனால் சுவர் வேறு மாதிரி சொல்கிறது:

"இன்னைக்குச் சத்தம் நல்லா வருதே?"

"உழைப்புங்க. கெட்டி ரீடு. பழகணும்."

"ஆமாமா… கெட்டிதான், கெட்டிதான்."

நம்பியவர் ஒரு தடவை சொன்னால் போதாதா?

5

ஆறாவது வாரம். பெரிய டிரம் வாசிப்பவன் என் தம்பி. பாதி நேரம் எண்ணுவதும் மீதி நேரம் வேடிக்கை பார்ப்பதும்தான் அவன் வேலை, அதனால் அவன் சொல்வதை நம்பலாம்.

குழு முழுவதும் சுரம் சேர்க்க ஓபோதான் முதலில் ஒற்றைச் சுரம் கொடுக்க வேண்டும். தையல்காரியின் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம். அதில் இரண்டு சிவப்பு ரீடுகள் ஊறுகின்றன: பந்தாவுக்கு நிஜமான கெட்டி ஒன்று, வாசிக்க வேஷம் போட்ட மஞ்சள் ஒன்று. குச்சிக்காரர் தலையசைத்தார். நாற்பது பேர் மூச்சுவிடாமல் காத்திருக்க, அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். எது எது?

கைவேலை அவ்வளவு சுத்தம். அவளுக்கே தெரியவில்லை. ஊதிப் பார்த்து எடுக்க நேரமும் இல்லை.

பின்வரிசையிலிருந்து கணவர், ஷூ கயிற்றைக் கட்டுகிற சாக்கில் குனிந்து, முணுமுணுத்தார்: "இடது பக்கம் இருக்கறதுதான் மஞ்சள்." (இதை அவரே பிற்பாடு தம்பியிடம் பெருமையாகச் சொன்னார். பேருந்து ஓட்டுபவருக்குப் பார்க்காத மாதிரி பார்ப்பது தொழில்.)

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கை கிண்ணத்துக்குப் போனது. சுரம் வந்தது. நீளமாக, நேராக, நாற்பது பேரும் சாய்ந்துகொள்ளலாம் போல. கணவரின் நாற்காலி தப்பித்தது.

ஆனால் எடுத்தது இடதா, வலதா? அவர் பேச்சைக் கேட்டாளா? இல்லை, ஆறு வாரத்தில் உதடு நிஜமாகவே கெட்டியைத் தாங்கப் பழகிவிட்டதா? கணவர் இன்னும் குனிந்திருந்தார். தம்பிக்கு ஒரு தலை மறைத்தது.

முடிவு அ: இடது பக்க ரீடை எடுத்தவள், கண்ணில் நீர்…

சீ. அவள் அழுகிற ஆளா?

முடிவு ஆ: வீம்புக்கு வலது பக்கம்…

6

இந்த இடத்தில் அழைப்பு மணி அடித்தது. தையல்காரி.

"அக்கா, சிவப்பு நூல் இருக்கா? தீர்ந்துபோச்சு."

தையல்காரிக்கு என்னிடமா நூல்? கேட்க வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள்:

"அந்த வாத்தை அடிச்சுட்டீங்கல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எழுதினதை வாய்விட்டுப் படிக்கறீங்களே. அன்னைக்கு அதுக்குத்தான் சுவத்தைத் தட்டினேன். அந்தப் பக்கமும் மெல்லிசுதான் அக்கா."

"அப்ப… முடிவு? எந்தப் பக்கம்?"

"அதை மட்டும் எழுதாதீங்க. அவர் சொன்னதைக் கேட்டேன்னு அவர் நெனச்சுக்கட்டும். கெட்டி ரீடுலதான் வாசிச்சேன்னு குழு நெனச்சுக்கட்டும். உங்களுக்கு என்ன கஷ்டம்?"

எனக்கு என்ன கஷ்டமா! நூலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே, வாசகரே, இடதோ வலதோ, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மனசுக்குள் மட்டும். இன்றைக்கு அவள் கணவருக்கு விடுமுறை. அந்தப் பக்கம், சுவரோரமாக நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது.