வார வெள்ளி

எண்பத்து மூன்றாம் வருடம் வைகாசியில் ஒரு புதன்கிழமை, மத்தியானம் ஒரு மணி.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பூவனலிங்கத்தின் சவுண்ட் சர்வீஸ் கடை. வெயிலுமுத்து அங்கே ஆம்ப்ளிபயர் ரிப்பேர் பார்ப்பான். கோவில் கொடை நாட்களில் மெல்லிசைக் குழுவில் பாடுவான். அவன் எழுதிய ஒரு பாட்டு கேசட்டாகி, பங்குனியிலிருந்து எல்லாக் கல்யாண வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது.

வார வெள்ளி வாரேன்னா, வரவே இல்ல
இடக்கையால டாட்டா சொன்னா, திரும்பவே இல்ல

அவள் யார் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் ஆளுக்கொரு அர்த்தம். அது மழையைப் பற்றியது என்றார்கள் உழவு பார்க்கிற சம்சாரிகள். விளாத்திகுளம் பஸ் என்றார் பூவனலிங்கம்.

"உங்கம்மை எப்பலே வாரா? ஓட்டல் சோத்துல வத்திப் போனியே."

"அக்காளுக்குப் பிள்ளை பொறந்திருக்குல்லா அண்ணாச்சி. ஓட்டப்பிடாரத்துலேருந்து சனிக்கிழமைதான் வருவா."

வாசலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரைச் சோதிக்க மைக்கைத் தட்டினான். "ஹலோ, ஹலோ" என்றான். தெரு திரும்பிப் பார்த்தது. அப்போது சந்தனமாரி உள்ளே வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். இடது கையில் தூக்குவாளி.

வெயிலுமுத்து மைக்கை அணைத்தான். அவள் அவனோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"அந்தப் பாட்டை மாத்து" என்றாள்.

"எந்தப் பாட்டை?"

"எங்க ஆபீஸ்ல இடக்கைக்காரி நான் ஒருத்திதான். தெரியாமத்தான் எழுதினியோ? இப்ப எவ என்னைப் பேரைச் சொல்லிக் கூப்பிடுதா? 'ஏட்டி வார வெள்ளி, இங்கன வாட்டி'ங்கா."

பூவனலிங்கம் நிமிர்ந்தார். "அப்ப அது பஸ் இல்லையா?"

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. புதியம்புத்தூர்லேருந்து மாப்பிள்ளை வந்திருக்கு. தையக்காரவிய. அவிய காதுலயும் பாட்டு விழுந்திருக்கு. 'அது இந்தப் பொண்ணுதானா'ன்னு எங்க சித்தியைக் கேட்டிருக்காவ. நான் ஏமாத்துக்காரின்னு பேரெடுக்கணுமா?"

"வராதவளை வந்தான்னு எழுத முடியுமா?"

"யாரு வரல?"

சந்தனமாரி தூக்குவாளியைப் பெஞ்சில் வைத்தாள்.

"கழுகுமலைக்குப் போவோம்னு சொன்னது நீ. வார வெள்ளி வாரேன்னு சொன்னது நான். காலையிலேயே வந்து, அந்தா, அந்தக் கடலைமிட்டாய்க் கடை முன்னால நின்னேன். உனக்குன்னு கால் கிலோ வாங்கினேன். பஸ்ஸு வருது, போகுது, ஆளைக் காணோம். மிட்டாயை நானே தின்னு தீர்த்துட்டு வீட்டுக்குப் போனேன். வயித்து வலிதான் மிச்சம்."

"பொய் சொல்லாத. நானும் அங்கனதான் நின்னேன். கையில மல்லிகைப்பூ. பூ கறுத்தே போச்சு."

"எந்த வெள்ளி?"

"வார வெள்ளி."

"நான் சொன்னது ஒரு புதன்கிழமை. வார வெள்ளின்னா நாளைக்கழிச்சு."

"அது இந்த வெள்ளில்லா? வார வெள்ளின்னா அதுக்கடுத்தது."

"இந்த வெள்ளி வந்தாச்சா? இனிமேத்தானே வரணும்? அப்ப அதுதாம்ல வார வெள்ளி."

"எங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டோம்."

"உங்க ஊரு அமெரிக்காவுலயா இருக்கு? ஓடைக்கு அந்தப் பக்கம்."

இருவரும் பூவனலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"என்னைக் கேக்காதிய. வார வெள்ளி சேலை எடுத்துத் தாரேன்னு சொல்லியே வீட்டுல காலத்தை ஓட்டிட்டிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. வெயிலுமுத்து கையிலிருந்த ஸ்குரூடிரைவரைப் பார்த்தான். அவன் காத்து நின்ற வெள்ளிக்குப் பிறகு தெருவில் அவளைக் கண்டபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏமாற்றியவள் அப்படித்தான் திருப்புவாள் என்று நினைத்தான். அதையும் பாட்டில் எழுதினான்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றான்.

"நீ கேட்டியா?"

வெயிலுமுத்து ஸ்குரூடிரைவரை மேஜையில் வைத்தான்.

"மாத்திருதேன். 'வார வெள்ளி வாரேன்னா, நான்தான் போகல.'"

"தாளத்துல உக்காருதா?"

மேஜையில் தட்டிப் பார்த்தான். "உக்காருது."

"இத மொதல்லயே எழுதியிருக்கலாம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு தூக்குவாளியை எடுத்தாள்.

"மாப்பிள்ளையை உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டான்.

"பாட்டெல்லாம் எழுத மாட்டாராம்."

"நல்ல குணம்தான்."

"நல்ல குணம்தான். ஆனா பேச ஒண்ணுமில்ல."

மில் சங்கு ஊதியது. டவுன் பஸ் வந்து நின்றது. சந்தனமாரி ஓடினாள். இடது கையால் கம்பியைப் பிடித்துப் படியில் ஏறித் திரும்பினாள்.

"ஏலே, அவிய வார வெள்ளி பூ வைக்க வாராவ. அதுக்கு முந்தி உங்கம்மையை எங்க வீட்டுல வந்து பொண்ணு கேக்கச் சொல்லு!"

கண்டக்டர் விசில் அடித்தார்.

பூ வைத்து நிச்சயம் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. அம்மா வருவது சனிக்கிழமை. 'வார வெள்ளி' அவள் கணக்கா, புதியம்புத்தூர்க்காரர்கள் கணக்கா? வெயிலுமுத்து தெருவுக்கு ஓடினான். பஸ் முக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. கடைக்குள் வந்து மைக்கை எடுத்தான். பஸ் ஸ்டாண்டு முழுவதும் கேட்கும்படி குழாய் அலறியது.

"ஏட்டி, எந்த வெள்ளி?"